பால்பாண்டியின் பெயரை எடுக்கச் சொல்

குஜராத், ஆவணி 2008

அன்புள்ள வீரலட்சுமிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் தின்று கொழுத்திருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், அடிக்க வராதே. வேலை தேடும் வெப்சைட்டில் பதியும்போது சாத்தூர் நெட் சென்டர்காரி போட்டோ கேட்டாள். நம் கல்யாணப் போட்டோவில் உன்னை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். உன் கை மட்டும் என் தோளில் இருக்கிறது. இங்கே பட்டாசு ஆலையில் நம்ம பக்கத்து மேஸ்திரி கம்ப்யூட்டரில் அதைக் காட்டி, "இது யாரு கை, வே?" என்று சிரித்தார்.

அதற்கு அடுத்து உன் தம்பி பால்பாண்டியின் போட்டோ வந்தது. "பட்டாசு வேலை தெரிஞ்ச ஆளு. அடுத்த வாரம் வரச் சொல்லியாச்சு" என்றார்.

நம் ஊரில் வெயில் ஏறினால் பற்றிக்கொள்ளும் என்று பட்டாசு மருந்து கலக்க மாட்டோம். இங்கே உச்சி வெயிலில்தான் கலக்குகிறோம். ரூமுக்கு ஒரே கதவு, அதையும் வெளியே பூட்டிவிடுகிறார்கள்.

"ஏன் அண்ணாச்சி பூட்டுறீக?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"போன மாசம் பாதிப் பேரு ஓடிட்டானுகள்ல" என்றார்.

பால்பாண்டியை வரவேண்டாம் என்று சொல். வெப்சைட்டில் அவன் பெயரையும் எடுக்கச் சொல். கேட்காவிட்டால் அவன் சட்டைகளையெல்லாம் நனைத்துப் போடு. இவர்கள் விட்டதும் நானும் வந்துவிடுவேன். கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு, விலாசத்தை உன் கையாலேயே எழுது. லோடு வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்
பெத்தணன்

பி.கு.: நேற்று மருந்து சலிக்கும்போது லேசாகப் பொறி பறந்தது. ஒரு பக்க மீசை போய்விட்டது. மறுபக்கத்தை நானே மழித்துவிட்டேன்.