கொசுறாகப் போட்ட அலுமினியம்

என் ருக்குமணி அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிவிட்டதாம். எனக்குத் தெரிந்தது போன வாரம்தான், அதுவும் உன் மகள் நித்யா ஃபோன் செய்த பிறகு. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றாள். வேலந்தாவளத்துக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் அப்படியென்ன தூரம், ஒரு சேதி வந்து சேராமல் போக? அந்தத் தூரத்தைப் போட்டு வைத்தவள் நான்தான்.

நாம் பாலக்காட்டு ஆய்வுக்கூடத்தில் ஒன்றாக இருந்த இரண்டு வருஷத்தையே ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவள். நீ அங்கே உலோகத் துண்டுகளுக்கு மெருகு போடும் டெக்னீஷியன். என்னைவிட ஏழு வயது மூத்தவள், முதல் நாளே "வாங்க, உக்காருங்க" என்றாய். எங்கள் எஸ்டேட்டில் அக்காவை நீ, வா, போ என்றுதான் சொல்வோம். நான் பாட்டுக்கு "நீ சாப்டியாக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டுச் சிரித்தாய். ஒரு மாதத்துக்குள் உன் வாயில் நானும் "கண்ணு" ஆகிவிட்டேன்.

உன் கொள்ளுப் பருப்பும் என் வீட்டுத் தேயிலைத் தூளும்தான் நம் மதியங்கள். காற்றடிக்கும் மாசத்தில் ஜன்னலைத் திறந்தால் மெருகுப் பொடியெல்லாம் பறந்து நம் தலையில்தான் இறங்கும். உப்புத்தாளில் நீ துண்டைத் தேய்க்கும் சத்தத்தை வைத்தே அது எந்தத் தாள் என்று சொல்லிவிடுவேன். அப்படி ஒரு காலம் இருந்தது அக்கா. அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கும் வேலை பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று நம் உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று பங்கு நிக்கல் அணுவுக்கு ஒரு பங்கு அலுமினிய அணு, வரிசை மாறாமல் அமர்ந்திருக்கும் கலவை அது. கடும் சூட்டில் கிடக்கும் உலைத் தட்டுகளுக்கு ஆகும். மற்ற உலோகங்கள் சூட்டில் தளரும். இதற்கு ஓர் அளவு வரைக்கும் சூடேற ஏறப் பலம் கூடும். நான் இதைச் சொன்னபோது நீ, "எங்க மாமியாளாட்டவே இருக்குதே கண்ணு" என்றாய்.

அதற்கு ஒரு குறை உண்டு. சூடில்லாதபோது வளைத்தால் படக்கென்று முறியும். அமிலம் தடவிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே சின்னச் சின்ன வயல்களாகத் தெரியும். அவற்றின் எல்லைகளை நீ வரப்பு என்பாய். முறிவது அந்த வரப்பு வழியாகத்தான். போரான் என்ற தனிமத்தைத் துளி சேர்த்தால் அது போய் வரப்பில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அலுமினியம் கால் பங்குக்குச் சற்றே குறைவாக இருந்தால்தான் போரான் வேலை செய்யும். அதை நான் ஊன்றிப் படிக்கவில்லை.

உருக்கும்போது அலுமினியம் கொஞ்சம் எரிந்துபோகுமே என்று, நானாகவே தராசில் சற்றுக் கூடுதலாக வைத்தேன். "என்ன கண்ணு, கொசுறா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன், பெருமையாக. எரிந்தது கொஞ்சம்தான்; நான் போட்டதோ தாராளம்.

வார்த்தெடுத்த துண்டுகள் ஒன்று விடாமல் முறிந்தன. நீ மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாய்.

"இங்க பாரு கண்ணு. ஊடால ஊடால வேற என்னமோ நிக்குது. பொடி இல்ல. மூணு வாட்டி கழுவிட்டேன்."

பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தீவு தீவாக இருந்தது. மெருகுப் பொடி ஒட்டியிருக்கிறது என்றேன். ஏன் முறிந்தது என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய சார் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்: பொடி ஒட்டியிருக்கிறது, கீறல் விட்டிருக்கிறது, டெக்னீஷியன் வேலை சுத்தமில்லை. சார் அதை அறிக்கையாக எழுதித் தரச் சொன்னார். கையெழுத்தை இங்கே மலையாளத்தில் ஒப்பு என்பார்கள். மனசு ஒப்பாமலே ஒப்புப் போட்டேன்.

அந்த மாதத்தோடு உனக்கு வேலை இல்லை என்றுவிட்டார்கள். சாவியைக் கொடுக்க வந்தவள் என்னைப் பார்த்து, "நான் வர்றேனுங்க" என்றாய். உங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியிடம்கூட அந்த 'ங்க' போடுவீர்கள் என்று நான் கேலி செய்ததுண்டு. அன்றைக்கு அது மரியாதை இல்லை, விலகல் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு மாதம் கழித்து, அலுமினியத்தைக் குறைத்து வேறொன்று உருக்கினேன். துண்டு வளைந்தது, முறியவில்லை. கை தட்டிவிட்டு காலியாகக் கிடந்த உன் மேசைப் பக்கம் திரும்பினேன். தப்பு யாருடையது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது அக்கா. அந்த வளைந்த துண்டு எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது. இப்போது அதே இடத்தில் பாடம் எடுக்கிறேன். பழைய அறிக்கையைத் திருத்த மட்டும் பன்னிரண்டு வருஷமாகக் கை வரவில்லை. சொன்னால் பட்டத்துக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

உன் பெட்டியில் அந்த அறிக்கையின் நகல் இருந்திருக்கிறது. நித்யா அதைப் படித்துவிட்டுத்தான் ஃபோன் செய்தாள்.

"ஏனுங்க, எங்கம்மா வேலை சுத்தமில்லீன்னு எழுதீருக்குதே, நெசந்தானுங்களா?"

"அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். அவள் "சரிங்க" என்று வைத்துவிட்டாள். உயிரோடிருந்த உனக்குச் செய்தது போதாதென்று, செத்த பிறகும் ஒருமுறை செய்தேன்.

மறுநாள் பழைய அலமாரியைக் குடைந்து உன் துண்டை எடுத்தேன். உன் கையெழுத்தில் எண் அப்படியே இருந்தது. இப்போது நம்மிடம் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது, எந்த இடத்தில் எந்தத் தனிமம் என்று காட்டிவிடும். உன் தீவுகளில் நிக்கலும், மிதமிஞ்சிய அலுமினியமும் மட்டுமே இருந்தன. மெருகுப் பொடி அலுமினிய ஆக்ஸைடுதான்; அதுவாக இருந்தால் ஆக்ஸிஜனையும் காட்டியிருக்கும். அது இல்லவே இல்லை. நான் போட்ட கூடுதல் அலுமினியம், தனியே பிரிந்து இன்னொரு சேர்மமாக நின்றிருக்கிறது. நீ பழைய மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துச் சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை பெரிய மெஷின் தேவைப்பட்டது. அந்தத் துண்டில் ஒரு கீறலைத் தேடினேன் அக்கா. ஒன்றுகூட இல்லை. வாய்விட்டு அழுதேன்.

திருத்த அறிக்கை எழுதி, படங்களோடு அலுவலகத்தில் நேற்றுக் கொடுத்துவிட்டேன். என்ன கேட்பார்களோ, எதைப் பறிப்பார்களோ, அது அவர்கள் பாடு. ஞாயிற்றுக்கிழமை வேலந்தாவளத்துக்கு வருகிறேன். நித்யா கதவைத் திறக்காமலும் போகலாம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாசலிலேயே நின்று, அக்கம்பக்கத்தில் உள்ளவர்களும் கேட்கும்படி அதை வாசிப்பேன். முதல் வரி இதுதான்: "இந்தத் துண்டுக்கு மெருகிட்ட ருக்குமணியின் வேலையில் எந்தக் குறையும் இல்லை, அவர் சொன்னதே சரி, தவறு செய்தவள் நான்."

கேட்டவர்களிடமெல்லாம் உன் ஊர்ப் பேச்சில் நீ "என்ற தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்த,
செல்வி