பாலக்கரை விலாசம்

லால்குடி
12-8-1961

வள்ளிக்கண்ணுவுக்கு,

உன்னையும் பிள்ளையையும் திருவெள்ளறைக்கு அனுப்பியது கோபத்தால் அல்ல, என் இருமலால்தான்; அது க்ஷயரோகம், உங்களுக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று பயந்தேன்.

மருந்துக்கு வரச் சொல்லும் ஆஸ்பத்திரி கார்டு நம் தெருவுக்கு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் அந்த ஊர்ப் பாலக்கரை விலாசம் ஒன்றைப் பொய்யாகக் கொடுத்திருந்தேன். பிறகு மருந்து வாங்கவும் போகவில்லை.

அங்கே நோயாளிகளுக்கு உதவி தேடித் தரும் ரெங்கம்மாள் என்ற அம்மா, நான் லால்குடி பஸ்ஸுக்கு அவசரப்பட்டதை நினைவு வைத்திருந்தார். மூன்று நாள் லால்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று என்னைப் பிடித்துவிட்டார்.

“விலாசம் பொய்யா இருக்கலாம், இருமல் பொய்யில்லீங்களே,” என்றார்.

மாதாமாதம் மருந்தும் பால்பவுடரும் கிடைக்க எழுதிவிட்டார். மில்லில் பேசி லீவும் வாங்கித் தந்தார்.

நான் தேறிவிடுவேன். சரியான விலாசமும் கொடுத்துவிட்டேன். கார்டு வந்தால் போஸ்ட்மேன் தெரு முழுக்கப் படித்துக் காட்டட்டும். நீ வந்து பார்க்க, வாசல் நிலையிலேயே செருகி வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்