போர்வையால் மூடிய ஒன்றரை நிமிடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்குத்தான் ஆறவில்லை, அதில் பாதிக்கு நீ காரணம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருந்து, நான் திட்டுவதையும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

புதன்கிழமை போனில், "படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, ஏம்மா அப்படிப் பண்ணினே?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டேன். இப்போது கேள். ஆஸ்பத்திரியில் உன் தம்பியின் தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டி, எதிரே சுவரில் கேமரா வைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று நாலு நாளாகக் காத்திருந்தார்கள். மூளையில் அது எந்த இடத்தில் கிளம்புகிறது என்று அந்த ஒயர் வழியாக வருகிற அலைக்கோட்டில் பிடிபட்டால்தான், அந்த இடத்தை மட்டும் அறுவை செய்து எடுக்க முடியுமாம். பதினெட்டு வருஷமாக வரக்கூடாது வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவளை, வரட்டும் என்று வேண்டச் சொன்னால் எப்படியடி இருக்கும்? வந்ததும், நேரத்தைக் குறிக்க என் கையில் கொடுத்திருந்த பட்டனை அழுத்திவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. வந்தது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது, வாய் எதையோ மெல்வது போல அசையத் தொடங்கியது. நான் பட்டனைக் கீழே போட்டுவிட்டுப் போர்வையை இழுத்து அவனை மூடி, தலையைக் கட்டிக்கொண்டேன். நாலைந்து ஒயர் என் கையோடு வந்துவிட்டது. ஒயர் ஒட்டுகிற பெண் ஓடி வந்து, "என்னம்மா இது, காட்டத்தானே இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். உன் வயசுகூட இருக்காது அவளுக்கு. வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன்.

ஏன் மூடினேன் என்றா கேட்கிறாய்? மூடக் கற்றுக்கொடுத்தது யார்? "மத்த பிள்ளைங்க பயப்படுது, வீட்டுலயே வச்சுக்கோங்க" என்றாள் அவன் டீச்சர். ஒருமுறை விழுந்ததற்கே மறுநாள் வர வேண்டாம் என்றான் அவன் வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி. அவர்களை விடு. உன் கல்யாணத்தன்று அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி மாடி அறையில் உட்கார வைத்தேனே, அப்போது நீ "சரிம்மா" என்றுதானே சொன்னாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகின கை, ஒரு பட்டனைக் கொடுத்ததும் திருந்திவிடுமா?

நான் மூடியதில் அந்தப் பதிவு வீணாகிவிட்டதாம். சனிக்கிழமைக்குள் இன்னொன்று வராவிட்டால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும், பிறகு ஏழு மாதம் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பா சாப்பாட்டையே தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான், வந்துவிட்டது. அழுத்தினேன். தள்ளி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ஒன்றரை நிமிடம். சாயங்காலம் டாக்டர் வந்து, ஸ்கேனில் தெரிந்த தழும்பும் இந்தக் கோடும் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன, அறுவை செய்யலாம் என்றார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு உன் தம்பி அந்த வீடியோவைக் காட்டச் சொன்னான். தனக்கு வருவதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லையே. கடைசி வரைக்கும் பார்த்தான். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானாம்மா? இதுக்கா அக்கா கல்யாணத்துல என்னை ரூமுக்குள்ள வச்சே?" என்றான்.

அடுத்த மாதம் பதினோராம் தேதி அறுவை. காய்ச்சல் என்று பொய் சொன்னது நான், அதற்குத் தலையாட்டியது நீ. மாப்பிள்ளையிடம் இன்றைக்கே, தம்பிக்கு வலிப்பு என்று உள்ளதைச் சொல், தலைவலி கிலைவலி என்று மழுப்பாதே. அவர் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் தீர்க்காயுசாக இருக்க என் ஆசி. மறக்காமல் அவரையும் கூட்டிக்கொண்டு வா. உன் கல்யாணப் படத்தில் இல்லாதவனை நடுவில் நிறுத்தி, அவன் தலையில் கட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா