கால் பக்கம் எட்டாத கை

அன்புள்ள தங்கச்சிக்கு,

எந்த ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரை வாங்குவது என்ற பேச்சு இன்று முடிந்தது. மூன்று நாள் பேசியதில் அலுத்துவிட்டது. சிறியது நம் லெசோத்தோ மலைகளைச் சீக்கிரம் தாண்டும். பெரியது எரிபொருளை அதிகம் குடிக்கும். ஆனால் அதில் நோயாளியின் கால்மாட்டிலும் நர்ஸ் உட்காரலாம்; சிறியதில் தலைமாட்டில் மட்டும்தான் இடம்.

குழுத் தலைவர் செகோன்யானா சிரித்தார். "போன தடவை சின்னதுதான் வேணும்னு மல்லுக்கட்டினது நீதானே, பைலட்டு?"

"நான்தான் ஐயா. அதுலதான் அந்தப் பிள்ளத்தாச்சி ரத்தம் போயி செத்தா. நம்ம நர்ஸுக்கு இடுப்புக்குக் கீழ கை எட்டல. அவ மேல தப்பே இல்ல."

அன்று விசாரணையிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. பழி நர்ஸான உன் மேல் விழுந்தது, நீ வேலையை விட்டுப் போனாய்.

பெரியதையே எடுக்கிறார்கள். நான் சொன்னதையும் கூட்டக் குறிப்பில் எழுதவைத்துக் கையெழுத்திட்டேன். நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். திரும்பி வா என்று கேட்க எனக்கு முகமில்லை.

இறந்தவளின் தாய் உன் ஊர்தானே. உன்னைக் கண்டால் இன்னும் கதவைச் சாத்துகிறாளாம். சனிக்கிழமை வருகிறேன். அந்தக் கதவை நானே தட்டுகிறேன். நீ வர வேண்டாம்.

உன்னோடு பறந்தவன்