இஞ்சி தட்டும் நேரம்

அக்கா,

இன்று காலை பல்லேபொலப் பக்கம் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. வாசம் வருவதற்கு முன்பே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள். என் கையில் படிவம், எதிரே கட்டிலில் ஒரு மனிதர். நான் கேட்க வந்ததைச் சற்று நேரம் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது இந்த வேலை எனக்குப் புதிது. உடல் இயலாமல் வீட்டோடு இருப்பவர்களை, பார்த்துக்கொள்பவர்கள் நல்லபடியாக நடத்துகிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும். பஸ் விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், தம்பி வீட்டு முன்னறையில் படுத்திருந்தீர்கள். தம்பி தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டினார். பகலெல்லாம் உங்களோடு இருந்தது அவர் மனைவி மட்டுந்தான். அவர் கதவருகே நிற்க, அவரை வைத்துக்கொண்டே கேட்டேன், "உங்கள நல்லா கவனிக்கிறாங்களா?" என்று. என் புத்தி அவ்வளவுதான்.

"அதெல்லாம் நல்லா கவனிக்கிறாங்க மிஸ். நீங்க ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

"ஐயோ, வேணாங்க அக்கா."

போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் சிரமம் கொடுக்காத நல்ல பிள்ளை என்ற நினைப்பு வேறு. 'ஆம்' என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு எழுந்தேன்.

அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், பால் விடாத அந்தப் பிளேன்டீக்கு அதே மறுப்பு. நீங்கள் தையல் கடை வைத்திருந்த காலத்தில், தேருக்கு முதல் நாள் அவசரத்தில் ஒருத்தியின் சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாகத் தைத்துக் கொடுத்த கதையைச் சொன்னீர்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்றாம் முறையும் டீ வேண்டாமென்றபோது, "இந்த மிஸ்ஸுக்கு நம்ம வீட்டு டீ எறங்காது போல" என்று குத்தினீர்கள். அதையும் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

நான்காம் முறை மழை பிடித்துக்கொண்டது. "இப்பவாவது குடிங்களேன்" என்றீர்கள். சரியென்று தலையாட்டினேன். தம்பி மனைவி உள்ளே போனார். "இஞ்சி நல்லா தட்டிப் போடு புள்ள" என்று சத்தமாகச் சொன்னீர்கள். டொக் டொக் என்று கேட்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"அந்தச் சத்தம் நிக்கிற வரைக்குந்தான் மிஸ் நமக்கு நேரம். எனக்குக் காலையில ஒரு கப்பு, பொழுதுபட்டா ஒரு கப்பு, அவ்வளவுதான் தண்ணி. குடிச்சா ஒண்ணுக்குப் போகத் தூக்கணுமாம். கேட்டா ஏசுறா. யாராச்சும் வந்து டீ குடிச்சாத்தான் எனக்கும் ஒண்ணு கெடைக்கும்."

சத்தம் நின்றது. நீங்கள் உடனே மழையைப் பற்றிப் பேசினீர்கள். வந்த டீயை ஆவி பறக்கப் பறக்க ஒரே மூச்சில் குடித்தீர்கள். மூன்று முறை நான் வேண்டாமென்றது யாருடைய டீயை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேலிடத்தில் சொன்னேன். வந்து விசாரித்தார்கள். உங்கள் தம்பி மனைவி என்னிடம் அழுதார். "நான் கெட்டவ இல்ல மிஸ். ஒத்த ஆளா தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பே போச்சு." அதுவும் பொய்யில்லை. அவருக்கென்று ஒரு கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை. பிறகு மலசலத்துக்கு வசதியான நாற்காலி வந்தது, தூக்க உதவிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தார், உங்கள் கை எட்டும் இடத்தில் தண்ணீர்ப் போத்தலும் வந்தது. "வாங்க தங்கச்சி, இன்னைக்கு நான் ஒங்களுக்குத் தண்ணி தாரேன்" என்று அந்தப் போத்தலை நீட்டுவீர்களே, அந்தத் திமிரை இன்னொரு தடவை பார்க்க மாட்டேனா என்று இருக்கிறது.

ஆனால் சிறுநீரகம் முன்பே கெட்டுப்போயிருந்தது. "கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தா" என்றார்கள் ஆஸ்பத்திரியில், நீங்கள் கண்மூடிய அன்று. எவ்வளவு முந்தி என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் நானே வாய்விட்டு டீ கேட்கிறேன். அலுவலகச் சட்டம் அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்றும் கேட்டேன்: "தொண்ட காஞ்சு போச்சுங்க. ரெண்டு பிளேன்டீ கெடைக்குமா? இஞ்சி தட்டிப் போடுங்க." அந்த மனிதரின் மனைவி உள்ளே போனார். சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்தவரிடம் மெல்ல விசாரித்தேன். ஒரு குறையுமில்லை என்றார். நீங்களும் முதலில் அப்படித்தானே சொன்னீர்கள், அதனால் அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

டீ வந்தது. என்னுடையதை ஆறவிட்டு, அவர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதி ஊதிக் குடித்தார். "சீனி கூடிப்போச்சுடி" என்று மனைவியைக் கடிந்தார். "வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். பாதி குடித்ததும் போதுமென்று கணவர் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

அந்த மீதி டீயைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போத்தல் கைக்கு வந்த பிறகும் நீங்கள் ஒரு நாளும் ஒரு வாய் மீதி வைத்ததில்லை, அக்கா.