அது சிவப்பு அட்டைதான்

குவைத், வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுந்தரிக்கு கோவர்த்தனன் எழுதுவது. நகரியில் எல்லாரும் சுகமா? உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாதே. நான் நலம். கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், பயப்படாதே. போனில் சொன்னால் அறையில் இருப்பவன் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

டிவியில் உலகக் கோப்பை கால்பந்து பார்த்தோம். ஒருவன் எதிராளியின் கணுக்காலை பூட்ஸால் மிதித்தான். நடுவர் மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்ததோடு விட்டுவிட்டார். அநியாயம். சிவப்பு காட்டி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். விதிகளை நானே படித்துத் தெரிந்துகொண்டவன். அறையில் என்னோடு இருக்கும் சத்தியவேட்டுக்காரன் விஜயராகவன் ஒப்பவில்லை.

"பந்தத்தானே மொதல்ல தொட்டான்? மஞ்சள் போதும்ணா."

"பேசிக்கினே இருக்காத. அதே மாதிரி எம்மேல வந்து காட்டு" என்று தலையணையைப் பந்தாகப் போட்டு நின்றேன்.

வந்தான். தலையணையையும் தொட்டான், என் கணுக்காலையும் மிதித்தான். விழுந்தபடியே கேட்டேன்: "இப்ப சொல்லு, என்ன கார்டு?"

என்னைத் தூக்கிக்கொண்டே, "மஞ்சள்தாண்ணா" என்றான்.

அன்றிலிருந்து பேச்சில்லை. ஆனாலும் சோறு வடித்துக் கட்டிலருகே வைக்கிறான், தைலம் தேய்க்கிறான். தேய்த்து முடியும்வரை இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே நம் பேச்சு பேச அவன் ஒருவன்தான்.

இதைக் கொண்டுவருபவன் எங்கள் கம்பெனி மலையாளி சுனில். அவன் லீவு முடிந்து திரும்பும்போது, புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் இடத்து எண்ணெயும் இரண்டு பாட்டில் மாங்காய்த் தொக்கும் கொடுத்தனுப்பு. போனில் பேசும்போது தறி ஓடும் பக்கமாக நின்று பேசு, அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இங்கே ஏசி சத்தம் ஒன்றுதான்.

சுனிலுக்கு வண்டி வந்துவிட்டது. ஒரு பாட்டிலில் விஜயராகவன் பெயரை எழுது. அதில் காரம் குறைத்துப் போடு, அவனுக்கு ஆகாது. ஆனால் அது சிவப்பு அட்டைதான்.

கோவர்த்தனன்