நீட்டிய சொம்பு

அன்புள்ள மனைவிக்கு ஸலாம்.

கூரை ஒழுகுகிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன். உன் அண்ணனின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று உன் அத்தா கேட்டால், கால்வலி என்று சொல்லிவிடு.

"அண்ணன் கடைசியா தண்ணி கேட்டுச்சா?" என்று எழுதியிருக்கிறாய்.

கேட்கவில்லை.

கோரிப்பாளையத்திலிருந்து சமயநல்லூர் போய்த் திரும்பும் ஓட்டப் பந்தயம். ரம்ஜான் நோன்போடுதான் ஓடுவது என்று நானும் உன் அண்ணனும் பேசிவைத்திருந்தோம். திரும்பும் வழியில், தண்ணீர்ப்பந்தல் அருகே அவன் தள்ளாடி உட்கார்ந்தான். பந்தல்காரர் சொம்பை நீட்டினார். அவன் கையும் நீண்டது.

"அண்ணே, அவனுக்கு நோன்பு. குடுக்காதீக," என்றேன்.

என்னைப் பார்த்துவிட்டு அவன் கையை இழுத்துக்கொண்டான். நான் நிற்காமல் ஓடினேன். பரிசுக் கோப்பையோடு நான் நின்றிருந்தபோது அவனை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் நோன்பை விடலாம் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்து எழுந்தால் அவன் என்னை முந்திவிடுவான் என்பதும் தெரியும்.

அத்தாவிடம் கால்வலி என்றே சொல். உனக்கு மட்டும் இன்னொன்று. சமயநல்லூரில், அவன் முன்னால் போனபின், நான் வாய்க்காலில் இறங்கித் தாகம் தீரத் தண்ணீர் குடித்திருந்தேன்.

உன்னைத் திரும்பி வரச்சொல்ல முகமில்லாத,
உன் கணவன்